பயாஸ்: பந்துக்குள் ஒளிந்திருந்த கனம்

கேசட் காலத்து ஆட்களுக்குப் 'பயாஸ்' பழகிய சொல்தான். பாட்டுப் பதிந்து தரும் கடையில் காலி கேசட் வாங்கினால் அதன் அட்டையில் 'நார்மல் பயாஸ்' என்றோ 'ஹை பயாஸ்' என்றோ அச்சிட்டிருக்கும். ஹை பயாஸ் என்றால் விலை கூட, பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதோடு சரி. அது என்ன பயாஸ் என்று கடைக்காரரைக் கேட்டவர்கள் அரிது. இன்றைக்கு அதே சொல் வேறு வேடத்தில் வருகிறது. செய்தி நிறுவனத்துக்குப் பயாஸ், நேர்முகத் தேர்வில் பயாஸ், செயற்கை நுண்ணறிவுக்குப் பயாஸ். எங்கே இருந்தாலும் களைய வேண்டிய குற்றம் என்ற பொருளில்தான் பேச்சு.

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவரிடம் போனால் கதை தலைகீழ். "பயாஸ் போயிடுச்சு" என்று அவர் சொன்னால் வால்வு சாகக் கிடக்கிறது என்று பொருள். அவருக்குப் பயாஸ் இருந்தாக வேண்டும். அதுவும் சரியான அளவில் இருந்தாக வேண்டும். ஒரே சொல் ஓரிடத்தில் நோயாகவும் இன்னோர் இடத்தில் மருந்தாகவும் இருப்பது எப்படி? சொல் வந்த வழியே திரும்பிப் போனால் பழுது பார்ப்பவர் பக்கம்தான் பழைய பொருள் நிற்கிறது.

பிரெஞ்சு மொழியில் 'பியே' என்பது சாய்வு, குறுக்கு. அதற்குப் பின்னால் பழைய புரோவான்சால் மொழி வரை தடம் தெரிகிறது. அதையும் தாண்டிக் கிரேக்கம் வரை இழுக்கிறவர்கள் உண்டு, ஆனால் அது அவ்வளவு உறுதியான கயிறு அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல்லுக்குத் தையல்காரர்களிடம் ஒரு வாழ்க்கை அமைந்தது. துணியின் பாவுக்கும் ஊடைக்கும் குறுக்காக வெட்டினால் அது பயாஸ் வெட்டு. நம் ஊர்த் தையல்கடையில் 'கிராஸ் கட் பிளவுஸ்' என்று கேட்டுத் தைப்பதும், கழுத்துக்கு 'கிராஸ் பீஸ்' வைப்பதும் இதே சங்கதிதான். நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும் என்பதற்காக, வேண்டுமென்றே சாய்த்து வெட்டுகிறார்கள்.

சொல்லுக்கு உண்மையான உயிர் கொடுத்தது ஒரு விளையாட்டு. இங்கிலாந்தில் புல்தரையில் மரப்பந்து உருட்டும் 'போல்ஸ்' ஆட்டம் மிகப் பழையது. 'ஜாக்' என்ற சிறிய வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகே தன் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர் வெல்கிறார். நேராக உருளும் பந்தாக இருந்தால் ஆட்டத்தில் சுவை இல்லை. முன்னால் கிடக்கும் எதிராளியின் பந்தைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லாமல் போய்விடும். ஆகவே பந்தை ஒரு பக்கம் கனமாகச் செய்தார்கள். பழைய பந்துகளில் ஈயம் பதிப்பதுண்டு. இப்போது வடிவத்திலேயே ஒரு பக்கம் சற்றுச் சப்பையாக இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். இந்தக் கனத்துக்குப் பெயர் பயாஸ். அதனால் வரும் வளைவுக்கும் அதே பெயர். வேகமாகப் போகிறவரை பந்து ஏறக்குறைய நேராக ஓடும். வேகம் தணியத் தணிய உள்ளிருக்கும் கனம் தன் வேலையைக் காட்டும். கடைசி சில அடிகளில் நன்றாகவே வளையும். ஆட்டக்காரரின் திறமை எல்லாம் அந்த வளைவை முன்கூட்டிக் கணக்குப் போடுவதில் இருக்கிறது.

1595 வாக்கில் எழுதிய 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில், தோட்டத்தில் மனம் கலங்கி நிற்கும் அரசியிடம் தோழி போல்ஸ் ஆடலாமா என்று கேட்க, அரசி இந்தப் பயாஸ் என்ற சொல்லையே எடுத்துத் தன் தலைவிதியைப் பற்றிப் பேசுவதாக ஷேக்ஸ்பியர் அமைத்திருக்கிறார். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பந்துக்குள் இருந்த கனம் அப்படித்தான் மனிதனின் மனத்துக்குள் குடியேறியது. வெளியே தெரியாமல் உள்ளிருந்து ஒரு பக்கம் இழுப்பது என்ற உவமை அத்தனை பொருத்தமாக இருந்ததால் ஓரவஞ்சனை, முன்முடிவு என்ற பொருள் நிலைத்துவிட்டது. பந்து மறந்துபோனது. பந்தோடு சேர்ந்து, அந்தக் கனத்தை யாரோ ஒருவர் காரணத்தோடுதான் வைத்தார் என்பதும் மறந்துபோனது.

பொறியாளர்கள் மறக்கவில்லை. தந்தியும் தொலைபேசியும் வளர்ந்த காலத்தில் ரிலேயின் நாக்கையோ மணியின் சுத்தியலையோ ஒரு சிறு ஸ்பிரிங் கொண்டு ஒரு பக்கமாக இழுத்து வைப்பார்கள். பல வீடுகளுக்கு ஒரே கம்பி ஓடிய அந்த நாட்களில், நேர்மின் துடிப்பு வந்தால் ஒரு வீட்டு மணியும் எதிர்மின் துடிப்பு வந்தால் அடுத்த வீட்டு மணியும் அடிக்க இந்த இழுப்பு உதவியது. அப்படிப்பட்ட மணிக்குப் 'பயாஸ் செய்த மணி' என்று பெயர். மின்சாரம் வருவதற்கு முன்பே, வந்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லி வைக்கிற ஏற்பாடு. பந்துக்குள் ஈயம் வைத்ததும் இதே காரியம்தான்.

வால்வுக்கு இந்தச் சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது அதன் உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். 1904இல் லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் தன் கண்ணாடிக் குமிழுக்குக் காப்புரிமை கேட்டபோது, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதால் அதை வால்வு என்றார். நமக்கு ரேடியோ பிரிட்டிஷ்காரர் வழியே வந்ததால் 'வால்வு செட்' என்ற பெயர் நிலைத்தது. அமெரிக்கர்களுக்கு அது டியூப். 1906-07இல் லீ டி ஃபாரஸ்ட் அந்தக் குமிழுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு கம்பியை நுழைத்தார். இறைச்சி சுடும் இரும்புத் தட்டியின் சாயல் இருந்ததால் அதற்குக் கிரிட் என்று பெயர் வந்தது. சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன; எதிரே நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறிய பிளேட் அவற்றை இழுக்கிறது; நடுவே கிரிட். கிரிட்டில் எதிர்மின்னழுத்தம் இருந்தால் எலக்ட்ரான்களை விலக்கும். அதைக் கூட்டினால் ஓட்டம் குறையும், குறைத்தால் ஓட்டம் பெருகும். கிட்டாரிலிருந்து வரும் சின்ன அலை அந்த எதிர்மின்னழுத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதை ஏற்றி இறக்க, பிளேட்டில் பெரிய அலை பிறக்கிறது. அலை வருவதற்கு முன்பே கிரிட்டில் நிலையாக வைத்திருக்கும் அந்த எதிர்மின்னழுத்தமே பயாஸ்.

கிரிட்டை எதிர்மின்னழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பது டி ஃபாரஸ்ட்டுக்கே உடனே பிடிபடவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் நிக்கோலா டெஸ்லாவின் உதவியாளராக இருந்த ஃபிரிட்ஸ் லோவன்ஸ்டைன் 1912இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917இல் கிடைத்தது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. வால்வு வரலாற்றில் டி ஃபாரஸ்ட்டின் பெயர் தெரிந்த அளவுக்கு லோவன்ஸ்டைனின் பெயர் தெரியாது. ஆனால் இன்றைக்கும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திறந்து திருகும் ஒவ்வொருவரும் அவர் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தக் காலத்தில் பயாஸுக்குத் தனி பேட்டரியே இருந்தது. அமெரிக்காவில் ஃபிலமென்டைச் சூடாக்க 'ஏ' பேட்டரி, பிளேட்டுக்கு 'பி' பேட்டரி, கிரிட்டுக்கு 'சி' பேட்டரி. பிரிட்டனில் கிரிட் பயாஸ் பேட்டரி என்று நேரடியாகவே பெயர் வைத்தார்கள்: 9 வோல்ட் பெட்டி, அதன் மேல் வரிசையாக ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு துளை. கம்பியின் நுனியில் இருக்கும் சின்னப் பிளக்கை எடுத்து இந்தத் துளையில் செருகு, சத்தம் சரியில்லையா, அடுத்த துளையில் செருகு. பயாஸ் சரிசெய்வது என்றால் அன்று அவ்வளவுதான். பேட்டரிகள் எல்லாம் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் படத்தில் பிளேட் மின்சாரத்தை 'பி பிளஸ்' என்றே இன்றும் எழுதுகிறார்கள். பேட்டரியே பார்த்திராத 450 வோல்ட்டுக்குப் பேட்டரியின் பெயர்.

பெயர்க் குழப்பத்தில் மகுடம் சூட்ட வேண்டியது 'ஃபிக்ஸட் பயாஸ்' என்பதற்கு. நிலையான பயாஸ் என்று பெயர். திருகி மாற்ற முடிந்தது அது மட்டும்தான்! கிரிட்டுக்கு வெளியிலிருந்து தனியாக எதிர்மின்னழுத்தம் கொடுக்கும் முறை இது. வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடினாலும் அந்த மின்னழுத்தம் அசையாது. அந்தக் கணக்கில் 'நிலையானது'. பேட்டரி இருந்த இடத்தில் ஒரு டையோடும் கெப்பாசிட்டரும் வந்தன, பிறகு திருகி அளவை மாற்றும் ஒரு பொட்டும் (பொட்டென்ஷியோமீட்டர்) வந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றது. இதற்கு மாறானது கேத்தோடு பயாஸ். கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். ஓடும் கரண்டே அதில் மின்னழுத்தத்தை உண்டாக்கி, கேத்தோடை மேலே தூக்கி, கிரிட்டை அதற்குக் கீழே இறக்கிவிடுகிறது. 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்பின் 5இ3 சர்க்யூட்டில் இரண்டு 6வி6 வால்வுகளுக்கும் பொதுவாக 250 ஓம். இரண்டிலும் சேர்ந்து 80 மில்லி ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட். கரண்ட் கூடினால் பயாஸும் கூடித் தானே பிடித்து நிறுத்தும். 'தன்னியக்கம்' என்று பெயர் வாங்கிய இந்த முறையில் திருக ஒன்றும் இருக்காது. முதன்முறை ஆம்ப் வாங்கும் பையன்கள் 'ஃபிக்ஸட் பயாஸ் என்றால் கை வைக்க வேண்டாம் அல்லவா' என்று கேட்பதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை, பெயர் வைத்தவர்கள் தப்பு.

வால்வுகளின் பெயர்களோ குழப்பமில்லாதவை, சங்கேதம் தெரிந்துவிட்டால். ஐரோப்பிய முறையில் இஎல்34 என்றால் 'இ' 6.3 வோல்ட் ஹீட்டர், 'எல்' அவுட்புட் பென்டோடு, 3 என்பது எட்டுக்கால் அடிப்பாகம். இஎல்84இல் வரும் 8 ஒன்பது சிறு கால்களைக் குறிக்கும். அமெரிக்க 6எல்6 ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து 1936இல் வந்தது. இந்தப் பெயர்களில் பயாஸ் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, தொல்லை அங்கேதான். 1962இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் கடையில் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து ஜேடிஎம்45 ஆம்ப்பைச் செய்தார்கள். முதலில் 6எல்6 குடும்பத்து 5881, அப்புறம் கேடி66, பிறகு இஎல்34 என்று வால்வு மாறிக்கொண்டே போனது. எல்லாம் ஒரே எட்டுக்கால் சாக்கெட்டில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று ஆகாது. 6எல்6க்கு மைனஸ் 50 வோல்ட் அளவில் தேவைப்படும் ஆம்ப்பில் இஎல்34க்குப் பொதுவாக அதைவிடக் குறைந்த எதிர்மின்னழுத்தமே போதும், அதன் ஒன்றாம் காலையும் எட்டாம் காலோடு இணைத்தாக வேண்டும், ஹீட்டருக்கு 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெம்பு வேண்டும். இஎல்34க்கென்று வைத்த பயாஸில் 6எல்6ஐச் செருகினால் அது கொதிக்கும்.

கொதிப்பு, குளிர்ச்சி என்பவையும் இந்தத் தொழிலின் சொற்கள்தான். பயாஸ் 'கோல்ட்' என்றால் ஓட்டம் குறைவு. சத்தம் வறண்டு, மெல்ல வாசிக்கும்போது சுரத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், அலை சுழியைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு தெரியும். அலையை மாறி மாறிச் சுமக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்று கைமாற்றிவிட்டு ஓய, மற்றது இன்னும் கையில் வாங்காத இடம் அது. 'ஹாட்' என்றால் ஓட்டம் அதிகம். அதன் உச்சம் கண்ணுக்கே தெரியும்: வால்வுக்குள் நடுவே மெலிதாக ஒளிரும் ஹீட்டரின் ஆரஞ்சு எப்போதும் இருப்பது, பயப்பட வேண்டியது அதற்கு வெளியே, சாம்பல் நிறப் பிளேட்டின் பக்கவாட்டில், மடிப்பை ஒட்டி மங்கலாகத் தொடங்கிச் சில நொடிகளில் அகலும் சிவப்புத் திட்டு. அது தெரிந்தால் உடனே ஆஃப் செய்துவிட வேண்டும், அப்புறம்தான் யோசனை.

யோசனையில் முதல் கேள்வி, குற்றம் வால்விலா சர்க்யூட்டிலா என்பது. இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகிச் சில நொடிகள் பார்த்தால் போதும். சிவப்பு வால்வோடு கூடவே போனால் வால்வு கெட்டிருக்கிறது; சாக்கெட்டிலேயே தங்கினால் சர்க்யூட். சர்க்யூட் என்றானால் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சாக்கெட்டிலும் கிரிட்டுக்கான ஐந்தாம் காலில் மீட்டரை வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எதிர்மின்னழுத்தம் வந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, முந்தைய வால்வின் பிளேட் வோல்ட்டைச் சிறிதாக இங்கே விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் குறைந்தால் பயாஸ் சப்ளையின் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம், அல்லது திருகு பொட்டின் நாக்கு தடத்தைத் தொடாமல் நிற்கலாம். இந்தக் கெப்பாசிட்டரை மாற்றுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சப்ளை எதிர்மின் என்பதால் இதன் பிளஸ் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும். மற்ற எல்லாக் கெப்பாசிட்டருக்கும் மைனஸைச் சேசிஸில் பற்றவைத்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே செய்துவிடும்.

சர்க்யூட் சரி என்று தெரிந்த பிறகுதான் திருகு. கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதில் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். பிளேட்டில் 440 வோல்ட், கேத்தோடில் 35 மில்லி ஆம்பியர் என்றால் பெருக்கினால் 15.4 வாட். 6எல்6ஜிசியின் உச்ச வரம்பு 30 வாட். பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறோம். 70 சதவீதம், அதாவது 21 வாட் என்ற ஓர் எல்லையை எல்லோரும் மந்திரம்போலச் சொல்வார்கள். இந்த வோல்ட்டில் அதற்கு ஏறக்குறைய 48 மில்லி ஆம்பியர். என் கணக்கில் 70 என்பது தாண்டக் கூடாத கோடு, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. 55இல் இனிமையாகப் பாடும் ஆம்ப்பை 70க்கு ஏற்றி வால்வின் ஆயுளைக் குறைப்பதில் கிட்டாருக்கு லாபம் எதுவும் இல்லை. கேத்தோடு கரண்டில் ஸ்கிரீன் கிரிட் என்ற இரண்டாவது கிரிட்டின் பங்கும் கலந்திருப்பதால் பிளேட்டின் உண்மையான சுமை கணக்கைவிடச் சற்றுக் குறைவு என்பது ஓர் ஆறுதல். திருகத் திருகப் பிளேட் வோல்ட்டும் நகரும் என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் 400 சொச்சம் வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருந்து ஆளைக் கொல்லக்கூடியது. அதை இறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் சொல் மறுபடியும் காலை வாரும். "பயாஸைக் கொஞ்சம் ஏத்துங்க" என்றால் என்ன செய்வது? கிரிட்டின் எதிர்மின்னழுத்தத்தை மைனஸ் 45லிருந்து மைனஸ் 50க்குக் கொண்டுபோனால் பயாஸ் ஏறியது; ஆனால் ஓட்டம் குறைந்தது. கரண்டைக் கூட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் எதிர்த்திசையில் திருக வேண்டும். இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஏற்று, இறக்கு என்று பேசாமல் மில்லி ஆம்பியரில் பேசிக்கொள்கிறார்கள். பழைய ஃபெண்டர்களில் இன்னொரு பொறி உண்டு: 1960களின் நடுவில் வந்தவற்றில் உள்ளே இருக்கும் பொட்டு பயாஸின் அளவை மாற்றும்; 1968க்குப் பிறகு வந்த பலவற்றில் அதே இடத்தில் இருக்கும் பொட்டு இரண்டு பக்கத்தையும் சமன் செய்து 'ஹம்' சத்தத்தைக் குறைக்க மட்டுமே. இடம் ஒன்று, உருவம் ஒன்று, வேலை வேறு.

தமிழில் பயாஸுக்கு என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் டையோடு பாடத்தில் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்கின்றன. சார்தல் என்பது சாய்ந்திருத்தல், பற்றியிருத்தல். அதே மாணவனுக்குக் கணக்கு வகுப்பில் சார்பு என்பது வேறொன்று, இலக்கண வகுப்பில் சார்பெழுத்து என்பது இன்னொன்று, செய்தித்தாளில் ஒருசார்பு மற்றொன்று. பாவம், அந்தச் சொல் சுமக்கிற சுமை அதிகம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழியில் போய் முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்று வைத்திருக்கின்றன. கோடுதல் என்றால் வளைதல். நடுநிலை தவறுதலும் அதுவே. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் நேர்மைக்குப் பெயர் கோடாமை. வளைந்து உருளும் பந்தும் ஒரு பக்கம் சாயும் மனமும் ஒரே சொல்லில் அடங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்தது அல்ல. நம்மிடம் அது ஏற்கெனவே இருந்தது. அந்தச் சொல்லைத் தேடி எடுத்துக் குறைகடத்திப் பாடத்தில் வைத்தவர்கள் அகராதியைப் புரட்டி ஒப்பேற்றியவர்களாகத் தெரியவில்லை. எனக்கு 'சார்பை'விடக் 'கோடல்'தான் பிடித்திருக்கிறது. ஆனால் ஆம்ப் திறந்து கிடக்கும் மேசையில் "கோடல் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் பதில் வராது. அங்கே பயாஸ்தான், 36 மில்லி ஆம்பியர்தான்.